வேம்பார் முதல் பெரியதாழை வரை

மீன்பிடித் தடைக்காலமோ புயல் எச்சரிக்கையோ, தூத்துக்குடி மாவட்டக் கடலைப் பற்றிய செய்தி என்றால் ‘வேம்பார் முதல் பெரியதாழை வரை’ என்றுதான் நாளிதழ்கள் எழுதும். அந்த 163 கிலோமீட்டர் சொச்சம் கரைக்குத் தெற்கு எல்லை பெரியதாழை. பெயரைக் கேள்விப்பட்டவர்கள் நிறைய. ஊருக்குள் போனவர்கள் குறைவு. கன்னியாகுமரிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருச்செந்தூரைத் தாண்டும் சுற்றுலா வண்டி குலசை முத்தாரம்மன் கோயிலில் நிற்கும், மணப்பாட்டில் 1581-இல் மணல்குன்றின் மேல் கட்டிய திருச்சிலுவை ஆலயத்தில் நிற்கும், அடுத்து உவரிக்குப் போய்விடும். பழைய பட்டியலும் இப்படித்தான். வேம்பார், வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு என்று முத்துக்குளித்துறையின் ஏழு ஊர்களைச் சொல்வார்கள். மணப்பாட்டோடு கணக்கு முடிந்துவிடும். இந்தத் தொடர் இந்த வாரம் பெரியதாழையில் நிற்பதற்கு அதுவே காரணம். அழகான சாலை ஒன்றால் கரையோர மக்களுக்கு என்ன லாபம் என்பதைப் புகழ்பெற்ற ஊர்களை வைத்துக் கணக்குப் போட்டால் விடை தவறாகத்தான் வரும். விட்டுப்போன ஊரில் போய்க் கேட்க வேண்டும்.

இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் மனதில் வேலி போட்ட பூங்காவும் சறுக்குமரமும் இருக்கும். இந்தக் கரையின் பூங்கா தேரிதான். சாலைக்கு உள்நாட்டுப் பக்கமாகக் குதிரைமொழித் தேரி வரை காற்று கொண்டுவந்து குவித்த செம்மண் மேடுகள், இடையிடையே பனையும் முந்திரியும் உடையும். தமிழ்நாட்டில் இப்படியொரு நிலக்காட்சி வேறு எங்கும் எளிதில் கிடைக்காது. அதற்கு நுழைவுச்சீட்டும் செயற்கை நீரூற்றும் தேவையில்லை. அள்ளாமல் விட்டால் போதும். கடற்கரைத் தாதுமணல் அள்ளுவதை 2013-இல் அரசு தடை செய்யும்வரை இங்கே மணலுக்கு இருந்த மதிப்பு டன் கணக்கில் மட்டும்தான். பனையோ இன்றும் சோறு போடுகிறது. உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கும் பதநீரைக் காய்ச்சி, பாகு பதத்தில் சிரட்டையில் ஊற்றி ஆறவிடுகிறார்கள். கருப்பட்டிக்கு அந்த அரைக்கோள வடிவம் வந்தது சிரட்டையால்தான். பக்கத்து உடன்குடியின் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது.

சாப்பாட்டுக்கு வருவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. பள்ளி விடுமுறையில் திருச்செந்தூருக்குக் குடும்பம் குடும்பமாகக் கூட்டம் வருவதும் பெரும்பாலும் அதே நாட்களில்தான். நாட்டுப்படகுக்கு அந்தத் தடை இல்லை. மணலிலேயே ஃபைபர் வள்ளங்களை ஏற்றி நிறுத்தும் பெரியதாழை போன்ற ஊரில் அப்போதும் மீன் வரும். பதநீர் இறங்குவதும் கோடையில்தான். ஆக, நகரத்து உணவகம் ஐஸ் பெட்டி மீனைப் பொரிக்கும் நேரத்தில் கரையில் ஏலம் போன சாளையும் பாறையும் அப்படியே குழம்பாகும் வாய்ப்பு இந்த ஊருக்கு உண்டு. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: ஞாயிற்றுக்கிழமை பூசை நாள், இக்கரையில் கடலுக்குப் போக மாட்டார்கள். விடுமுறை என்று ஞாயிறு மதியம் வந்து பச்சை மீன் கேட்டால் சனிக்கிழமை மீன்தான் கிடைக்கும்.

சுற்றுலா வந்தால் மனை விலை ஏறும், ரிசார்ட் வரும், மீனவர் ஒதுக்கப்படுவார் என்பது பலமான ஆட்சேபம். சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே நடந்ததைப் பார்த்தவர்கள் இதைப் புறந்தள்ள முடியாது. ஆனால் சாலை வந்துவிட்டது, குலசையில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கலும் நாட்டியாகிவிட்டது. யாரும் வராமலே இருப்பார்கள் என்பது நடக்கிற காரியமில்லை. 2019 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையைப் படித்தால் விஷயம் விளங்கும். கரையோர ஊர்களில் உள்ளூர் மக்கள் வீட்டின் அடித்தளப் பரப்பையும் முகப்பையும் மாற்றாமல் விருந்தினரைத் தங்கவைக்கலாம் என்கிறது. கட்டுமானம் கூடாத கரைப்பகுதி வழியே மாநில, தேசிய நெடுஞ்சாலை சென்றால் சாலையின் நிலப்பக்கம் ரிசார்ட்டும் ஹோட்டலும் கட்டலாம் என்றும் அதே அறிவிக்கை சொல்கிறது. மாநிலத்தின் கடற்கரை மேலாண்மைத் திட்டம் புதுப்பிக்கப்பட்ட பிறகே இரண்டும் செல்லும். அந்த நாளில் பணமுள்ளவன் உடனே இறங்கிவிடுவான். மீனவக் குடும்பத்துக்குக் கடனும் கழிப்பறை வசதியும் வழிகாட்டுதலும் முன்கூட்டியே வேண்டும்.

மீனவர் வாழ்க்கையை வேடிக்கைப் பொருளாக்குவதா என்று இன்னொரு கேள்வி எழும். நியாயமான கூச்சம். ஆனால் ஆலயத்தைப் படம் பிடித்துக்கொண்டு பத்துப் பைசா செலவழிக்காமல் போவதுதான் வேடிக்கை பார்ப்பது. உட்கார்ந்து சாப்பிட்டுக் காசு கொடுப்பது வியாபாரம். தூண்டில் வளைவும் கடலரிப்புத் தடுப்பும்தானே முதல் தேவை என்றால் மறுப்பில்லை. கரை நின்றால்தான் கடை நிற்கும். ஆனால் கல் கொட்டி முடியும்வரை பெண்கள் நடத்தும் நாலு சாப்பாட்டுக் கடைக்கு உரிமம் கொடுக்காமல் காத்திருக்க வேண்டியதில்லை.

சுற்றுலாத் துறையும் ஊராட்சியும் இப்போது செய்ய வேண்டியது மூன்றே காரியம்: குடிநீர், சுத்தமான கழிப்பறை, மகளிர் குழுக்களுக்குக் கடைக்கான இடம். ரிசார்ட்டுக்கு மனை வளைத்த பிறகு இதைச் செய்து பலனில்லை.