மகமை கொடுத்தாயிற்று, கடமை தீர்ந்ததா?

மகமை நமக்குப் புதிதல்ல. விருதுநகர் வியாபாரிகள் சரக்குக்கு இவ்வளவு என்று தங்களுக்குள் விதித்துக்கொண்டு சேர்த்த பணம் 1889இல் சத்திரிய வித்யாசாலா பள்ளியாக எழுந்தது. அத்தோடு அவர்கள் நிற்கவில்லை. உலை வைக்கும்போது வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தார்கள். அதுவும் பள்ளிக்குப் போயிற்று. சிறு வயதிலேயே தந்தையை இழந்த காமராசர் படித்தது அங்கேதான். முதலமைச்சரான பின், 1956இல் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டு வந்தவரும் அவரே.

மகமையும் பிடி அரிசியும் ஒன்றல்ல. மகமை சரக்கின் விலையோடு போய்விடும். பிடி அரிசி நம் வீட்டுப் பானையில் குறையும்.

வடநாட்டில் பில்லில் 'தர்மாதா' என்று தனியே எழுதி, வாங்குகிறவரிடம் வசூலிப்பார்கள். பிஜ்லி காட்டன் மில் வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்தப் பணம் ஆரம்பத்திலிருந்தே தர்மத்துக்கு என்று ஒதுக்கப்பட்டது, மில்லின் வருமானம் ஆகாது, வரி கிடையாது என்று தீர்ப்பளித்தது. வியாபாரிகளுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நம் வருமானமே இல்லாத பணத்தைக் கொடுத்துவிட்டு, நான் தர்மம் செய்தேன் என்று எப்படிச் சொல்வது?

சங்கம் நிதி கொடுக்கிறது, அரசு ரேஷன் கொடுக்கிறது. இரண்டும் வேண்டியவை. ஆனால் தெருவில் யார் வீட்டில் நாலு நாளாக வேலையில்லை என்பது சங்கத்துக்கும் தெரியாது, தாலுகா ஆபீசுக்கும் தெரியாது. கல்லாவில் இருக்கும் நமக்குத் தெரியும். ஒரு கிலோ பருப்பு வாங்கியவர் கால் கிலோவுக்கு வருவார், பிறகு ஐம்பது கிராமுக்கு வருவார். 2020 ஊரடங்கில் மளிகைக் கடை திறந்திருந்தது. கூலி வேலைதான் நின்றது. அந்த மாதங்களின் பற்று நோட்டை இன்று புரட்டினாலும் யார் எப்படித் தவித்தார்கள் என்பது தெரியும்.

எல்லோருக்கும் கடன் கொடுத்தால் கடை நிற்காது. 'கடன் அன்பை முறிக்கும்' என்று போர்டு மாட்டியவரைக் குறை சொல்ல மாட்டேன்; மொத்த வியாபாரி தவணை தள்ளித் தரமாட்டார். ஆகவே கைக்கு அடங்கியதைச் செய்யலாம். மாதம் இவ்வளவு என்று சொந்த லாபத்திலிருந்து ஒரு தொகையை முதலிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும். அதற்குள் இரண்டு மூன்று குடும்பங்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய். திரும்பி வந்தால் வரவு, வராவிட்டால் கேட்கக் கூடாது. நாலு பேர் நிற்கும்போது பாக்கியைச் சொல்லவே கூடாது.

இன்னொன்று, சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். ஐம்பது கிராம் பொட்டலம் வாங்குகிறவர்தான் கிலோ கணக்குப்படி பார்த்தால் அதிக விலை கொடுக்கிறார். வெள்ளிக்கிழமை காலையில் வாசலுக்கு வருகிறவர்களுக்குச் சில்லறை போட்டுவிட்டு, அந்தப் பொட்டலத்தில் தாளின் எடையையும் சேர்த்து நிறுப்பதற்கு என்ன பெயர்? தராசைச் சரி செய்ய நிதி எதுவும் திரட்ட வேண்டாம். நாளைக் காலை கடை திறக்கும்போதே செய்துவிடலாம்.