கர்ப்பிணிகளுக்கு வலிப்பு ஆபத்து: ரத்தமே காட்டிக் கொடுக்கிறது!

உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாரா? இதைப் படித்துவிட்டு மறுவேலை பாருங்கள்.

நேற்றுவரை நன்றாக இருந்தவர். திடீரென்று தலைவலி. கண் மங்குகிறது. முகமும் கையும் வீங்குகின்றன. "மாசமா இருந்தா வீங்கத்தானே செய்யும்!" என்பார்கள் பெரியவர்கள். அதற்குள் ரத்தக் கொதிப்பு எகிறி, வலிப்பு வந்து, தாய்க்கும் சிசுவுக்கும் உயிராபத்து!

டாக்டர்கள் இதை 'பிரீ எக்ளாம்சியா' என்கிறார்கள். 5-ம் மாதத்துக்கு மேல்தான் தலைகாட்டும்.

குற்றவாளி யார்?

நஞ்சுக்கொடிதான்! 2003-ல் துப்பு துலங்கியது. துலக்கியவர், அமெரிக்காவில் பாஸ்டன் நகர ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் அனந்த் கருமஞ்சியின் குழு. இவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

நஞ்சுக்கொடி 'பி.எல்.ஜி.எப்.' என்ற நல்ல புரதத்தைச் சுரக்கிறது. ரத்தக் குழாய்களைப் பாதுகாப்பது இதன் வேலை. 'எஸ்.எப்.எல்.டி-1' என்ற இன்னொரு புரதம் இதை மடக்கிப் பிடித்துக்கொள்ளும். அது அளவுக்கு மீறினால் கொதிப்பு ஏறும், சிறுநீரகம் கெடும். சினை எலிகளுக்கு அதை ஏற்றிப் பார்த்தார்கள். அதே நோய் வந்தது!

38-க்குள் இருந்தால்...

இரண்டு புரதங்களின் விகிதம் என்ன? சந்தேகத்துக்குரிய கர்ப்பிணிகளைச் சோதித்த பன்னாட்டு ஆய்வு 2016-ல் வெளியானது. விகிதம் 38 அல்லது அதற்குக் கீழே இருந்தால், அடுத்த ஒரு வாரத்துக்கு 100-க்கு 99 பேருக்கு நோய் வரவில்லை. வீணாக 'அட்மிட்' ஆக வேண்டியதில்லை.

38-ஐத் தாண்டினால் நோய் நிச்சயம் என்று பதற வேண்டாம். 4 வாரத்துக்குள் நோய் வந்தது 100-க்கு சுமார் 37 பேருக்குத்தான். ஆனால் டாக்டரின் கண்காணிப்பு கட்டாயம்.

ஆஸ்பிரின் தடுக்குமா?

3-ம் மாதமே ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், பிரஷர் மூன்றையும் பார்த்து ஆபத்துள்ளவர்களைப் பிரித்து, இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தார்கள். 2017-ல் முடிவு வந்தது. 37 வாரத்துக்கு முன்பே நோய் தாக்கியது, வெற்று மாத்திரை சாப்பிட்ட 822 பேரில் 35 பேரை. ஆஸ்பிரின் சாப்பிட்ட 798 பேரில் 13 பேரை மட்டுமே! அதற்காக நீங்களே கடையில் வாங்கி விழுங்காதீர்கள். டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இந்த ரத்தப் பரிசோதனை எல்லா ஊரிலும் கிடைக்காது. ஆனால் பிரஷர் பார்க்கும் பட்டை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் உண்டு. 140/90-ஐத் தொட்டால் அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்பதுதான் ஆளைக் கொல்லும் வார்த்தை!