ஸ்விம்மிங் பூலைக் குளமாக மாற்ற முடியுமா? குளோரினை நிறுத்தினால் மட்டும் போதாது!

வீட்டின் பின்புறம் ஒரு நீச்சல் குளம். பிள்ளைகள் சின்ன வயதில் குதித்துக் கும்மாளம் போட்ட இடம். இப்போது அவர்கள் வளர்ந்து வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். தண்ணீரில் இறங்க ஆளில்லை. ஆனாலும் தினமும் மோட்டார் ஓடுகிறது, குளோரின் வாங்கிக் கொட்ட வேண்டியிருக்கிறது, இலை தழைகளை அள்ள வேண்டியிருக்கிறது. 1 கிலோவாட் மோட்டார் தினம் 6 மணி நேரம் ஓடினால் 6 யூனிட் கரண்ட். யாருமே நீந்தாத தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்க இவ்வளவு செலவு!

ஆஸ்திரேலியாவில் சிட்னியின் வடக்கே, மரங்கள் அடர்ந்த கூ-ரிங்-கை பகுதியில் இப்படிப்பட்ட வீடுகள் ஏராளம். அங்குள்ள உள்ளாட்சி மன்றம் இவர்களுக்காகவே ‘பூல் டு பாண்ட்’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. குளத்தை இடிக்க வேண்டாம், மண் போட்டு மூட வேண்டாம். அதையே மீனும் தவளையும் வாழும் இயற்கைக் குளமாக மாற்றிக்கொள்ளலாம். அதற்கு ஆலோசனையும் உதவியும் தருகிறோம் என்பதுதான் திட்டம்.

தமிழில் சொன்னால் இரண்டுமே குளம்தான். ஆனால் ஒன்றில் எந்த உயிரும் தலைகாட்டக் கூடாது என்று ஆண்டு முழுக்கப் போராடுகிறோம். இன்னொன்றில் எல்லா உயிரும் இருந்தாக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் பாதியில் நின்றுபோகும் குளம்தான் ஆபத்தானது.

அப்படியே விட்டால் என்ன ஆகும்?

இதற்கு விடை அமெரிக்காவில் இருக்கிறது. 2007-ல் கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்ட் நகரில் வீட்டுக் கடன் கட்ட முடியாமல் ஏராளமானவர்கள் தவித்தார்கள். பல வீடுகளில் நீச்சல் குளங்களைக் கவனிக்க ஆளில்லை. மோட்டார் நின்றது, குளோரின் தீர்ந்தது, தண்ணீர் பச்சைப் பசேல் என்று ஆனது. அந்தக் கோடையில் கொசுவால் பரவும் வெஸ்ட் நைல் வைரஸ் தொற்று அந்த வட்டாரத்தில் 276 சதவீதம் அதிகரித்தது. கைவிடப்பட்ட நீச்சல் குளங்களுக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதை 2008-ல் வெளியான ஆய்வு சுட்டிக்காட்டியது.

காரணம் எளிது. வெயில் காலத்தில் கொசு முட்டை ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகிவிடும். குளோரின் போனதும் முதலில் வந்து சேர்வது அதுதான். கொசுப்புழுவைத் தின்னும் மீனோ, தட்டான் பூச்சியின் இளம்புழுவோ அங்கே இன்னும் வந்திருக்காது. ஆகவே குளோரினை நிறுத்துவது இந்த வேலையின் ஆரம்பம் மட்டுமே.

தண்ணீரை முழுசா காலி செய்யலாமா?

கூடாது. பழைய தண்ணீரை முழுவதும் வெளியேற்றிவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்றுதான் பலருக்கும் தோன்றும். ஆனால் குளத்தைச் சுற்றியுள்ள மண்ணில் நிலத்தடி நீர் இருக்கும். உள்ளே தண்ணீரின் எடை இல்லாதபோது அந்த நீர் கீழிருந்து அழுத்தி, தொட்டியையே மேலே தூக்கிவிடும். குறிப்பாக ஃபைபர் கிளாஸ் தொட்டிகளில் இது நடக்கும். கான்கிரீட் தொட்டியும் விரிசல் விடலாம். மழைக்காலத்தில் ஆபத்து இன்னும் அதிகம்.

குளோரினைப் பொறுத்தவரை சூரிய வெளிச்சமே பெரும்பாலும் வேலையை முடித்துவிடும். சில வாரம் பொறுத்து, டெஸ்ட் கிட் வைத்துப் பார்த்தால் போதும். குளோரின் வெயிலில் வீணாகாமல் இருக்க சயனூரிக் அமிலம் சேர்க்கும் வழக்கம் உண்டு. அதைச் சேர்த்த குளங்களில் மட்டும் கூடுதல் நாள் ஆகும்.

தொல்லை தருபவை தானாகப் போகாத பொருட்கள்தான். பாசியைக் கொல்ல ஊற்றும் மருந்துகள் சிலவற்றில் தாமிரம் இருக்கும். அது நத்தைக்கும் இறாலுக்கும் மீனுக்கும் நஞ்சு. அடுத்தது உப்பு. ஆஸ்திரேலியாவில் பல வீடுகளில் உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவி இருக்கிறது. அப்படிப்பட்ட குளத்தில் லிட்டருக்கு 3 முதல் 6 கிராம் உப்பு இருக்கும். கடல்நீரில் சுமார் 35 கிராம் என்பதால் இது குறைவாகத் தெரியலாம். ஆனால் அல்லிக்கும் பல நீர்ச்செடிகளுக்கும் இதுவே அதிகம். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. எனவே கொஞ்சம் வெளியேற்றி, மழைநீரை விட்டு, மறுபடி கொஞ்சம் வெளியேற்ற வேண்டும். பாதியை மாற்றினால் 5 கிராம் இரண்டரை ஆகும். இன்னொரு முறை பாதியை மாற்றினால் ஒன்றேகால். வெளியேற்றும் தண்ணீரை மழைநீர் வடிகாலில் விட்டுவிடக் கூடாது. அது நேராக ஓடைக்குப் போய் அங்குள்ள மீன்களைக் கொல்லும்.

பச்சையாக மாறும்... பதறாதீங்க!

முதல் சில வாரங்களில் தண்ணீர் பட்டாணி சூப் மாதிரி ஆகிவிடும். மனம் தளர்ந்து மறுபடி குளோரினைக் கொட்டத் தோன்றும் கட்டம் இது. பொறுத்திருந்தால் பாசியைத் தின்னும் நீர்த்தெள்ளு போன்ற நுண்ணுயிர்கள் பெருகும். செடிகள் வேர் பிடித்து, பாசிக்கு உணவான நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சத் தொடங்கும். தண்ணீர் மெல்லத் தெளியும். ஆனால் நீச்சல் குளத்தின் பளிங்கு நீலம் திரும்பாது. தேநீர் நிறத்தில் அடிவரை தெரிந்தால் அது நல்ல குளம்.

செடி வைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. இயற்கையான குளத்துக்குச் சரிவான கரை இருக்கும். கோரை போன்ற செடிகள் அந்த ஆழமில்லாத ஓரத்தில்தான் வளரும். நீச்சல் குளத்துக்கோ நாலு பக்கமும் செங்குத்துச் சுவர். இதற்குக் கூ-ரிங்-கை வாசிகள் செய்தது போல, படிக்கட்டுகளிலும் கான்கிரீட் கற்களை அடுக்கிய மேடைகளிலும் தொட்டிகளை வைக்கலாம். தொட்டியில் தோட்டத்து மண் வேண்டாம், சரளைக்கல் போதும். உரமிட்ட மண் கரைந்தால் பாசிக்குத்தான் விருந்து. ஆகாயத்தாமரையைப் போட்டால் வேகமாகப் பரவுமே என்று நினைக்காதீர்கள். அதனால்தான் அது ஆஸ்திரேலியாவில் களை, நம்மூர் ஏரிகளிலும் களை.

கொசுவுக்கு எந்த மீன்?

தமிழ்நாட்டில் கொசுவை ஒழிக்க நீர்நிலைகளில் விடப்படும் கம்பூசியா மீனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீனை 1925-ல் ஆஸ்திரேலியாவுக்கும் கொண்டுபோனார்கள். கொசுப்புழுவோடு தலைப்பிரட்டையையும் தவளை முட்டையையும் தின்றது, உள்ளூர் மீன்களின் துடுப்பைக் கடித்தது. இன்று அங்கே அது விரும்பப்படாத மீன். அதனால் சிட்னிக் குளங்களில் விடுவது பசிபிக் நீலக்கண் போன்ற உள்ளூர்ச் சிறு மீன்களை. சில சென்டிமீட்டர் நீளம்தான். கழிமுகங்களிலும் வாழக்கூடியது என்பதால் கொஞ்சம் உப்பு மிச்சமிருந்தாலும் தாங்கும்.

தவளையை மட்டும் யாரும் பிடித்துவந்து விடக் கூடாது. உலகம் முழுக்கத் தவளைகளை அழித்துவரும் கைட்ரிட் பூஞ்சை அப்படித்தான் ஒரு குளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. காத்திருந்தால் அதுவே தேடி வரும். வந்த பிறகு தூக்கம் கெடலாம் என்பது வேறு விஷயம். சிட்னியில் ஒரு வகைச் சதுப்புத் தவளை, டென்னிஸ் பந்தை அடிப்பது போல ராத்திரி முழுக்க ‘டொக்... டொக்...’ என்று கூப்பிடும். பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது. காட்டு வாத்துகளும் வரும். ஒன்றிரண்டு என்றால் அழகு. கூட்டமாக வந்தால் எச்சத்தால் மறுபடி பாசி.

வேலியை எடுத்துடலாமா?

கூடவே கூடாது. பெயர் மாறினாலும் ஆழம் மாறவில்லை. சிட்னி அமைந்துள்ள நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 1992-ம் ஆண்டு நீச்சல் குளச் சட்டப்படி, 30 செ.மீ-க்கு மேல் ஆழமான குளங்களுக்குக் குழந்தைகள் நுழைய முடியாத வேலி கட்டாயம். தெளிந்த நீரைவிடச் செடி மூடிய நீரில் விழுந்த குழந்தை கண்ணில் படுவது கடினம். சிறு பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால், அவர்கள் வளரும்வரை இந்த யோசனையைத் தள்ளிப்போடுவதே சரி. பல்லி, பறவை போன்றவை தவறி விழுந்தால் ஏறிவர ஒரு சாய்வுப் பலகையோ கற்குவியலோ வேண்டும்.

சரி, அதில் நீந்தலாமா? அதற்கு அமைப்பே வேறு. 1980-களில் ஆஸ்திரியாவில் பிரபலமான இயற்கை நீச்சல் குளங்களில், நீந்தும் பகுதிக்குப் பக்கத்திலேயே தண்ணீரைச் சுத்திகரிக்கும் செடிப்பகுதி பெரிதாக இருக்கும். மோட்டார் தண்ணீரை அதன் வழியே சுற்றவிட்டுக்கொண்டே இருக்கும். அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் 2015-ல் திறந்த பொதுக் குளமும் இந்த வகைதான். வீட்டுக் குளத்தில் நாலு தொட்டிச் செடி வைத்துவிட்டு அதை எதிர்பார்க்க முடியாது.

இந்த மாற்றம் நிரந்தரமும் இல்லை. நாளைக்கு வீட்டை வாங்குபவர் நீந்த ஆசைப்பட்டால், மீன்களை வேறு இடத்துக்கு மாற்றி, தொட்டியைக் கழுவி, குளோரினை மறுபடி தொடங்கலாம். அதனால் குளம் அழகாக வந்துவிட்ட சந்தோஷத்தில் மோட்டாரையும் ஃபில்டரையும் காயலான் கடைக்குப் போட்டுவிட வேண்டாம்.