மகிழடிச் சபதமும் சேவல் கூவிய முற்றமும்

பதியாகிய இறைவன், பசுவாகிய ஆன்மா, பாசமாகிய தளை என்னும் மூன்றும் தோற்றமில் காலந்தொட்டே உள்ளவை என்று சைவ சித்தாந்தம் கூறுவதைச் சென்ற வாரம் கண்டோம். ஆன்மாவைக் குறித்துக் கிறிஸ்தவ சமயம் கூறுவதோடு அதனை ஒப்பிட்டு நோக்குவதற்கு நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. ஆலைச் சங்கொலியும் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலும் காசிமேட்டு மீன் ஏலத்தின் ஆரவாரமும் ஓயாத வடசென்னைக் கடற்கரையில், சில கல் தொலைவுக்குள் நிற்கும் இரண்டு தலங்களே போதும். ஒன்று, திருவொற்றியூர்த் தியாகராசப் பெருமான் திருக்கோயில். மற்றொன்று, 1875இல் துறைமுகப் பணி தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்னரே, மசூலாப் படகுகளில் கப்பற் சரக்கைக் கரைசேர்த்து வாழ்ந்த குருகுல வம்சத்தார் இராயபுரத்தில் எழுப்பிய புனித இராயப்பர் (பேதுரு) தேவாலயம். இவ்விரு தலங்களும் நினைவூட்டும் வரலாறுகள், இறைவனுக்கு மிக அணுக்கராயிருந்தும் தம் வாக்கைக் காக்கத் தவறிய இரண்டு அடியவர்களைப் பற்றியவை.

தம்பிரான் தோழராகிய சுந்தரர் ஒற்றியூரில் சங்கிலியாரை மணக்க விழைந்தபோது, பிரியேன் என்று சந்நிதியில் தாம் சபதம் செய்யும் வேளையில் பெருமான் மூலஸ்தானத்தை நீங்கி மகிழ மரத்தில் எழுந்தருளியிருக்க வேண்டுமென்று விண்ணப்பித்துக்கொண்டார். பெருமானோ, சபதத்தை மகிழின்கீழேயே கேட்குமாறு சங்கிலியாருக்கு உணர்த்திவிட்டான். அவ்வாறே சபதம் செய்த சுந்தரர், ஆரூர் வசந்த விழாவின் நினைவு மேலிட, ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். கடந்ததும் கண்ணொளி இழந்தார். வெண்பாக்கத்தில் ஊன்றுகோல், காஞ்சியில் இடக்கண், ஆரூரில் வலக்கண் என்று அருள் படிப்படியாகவே திரும்பி வந்தது. தண்டிப்பதும் அருளே என்னும் இதனைச் சைவர் மறக்கருணை என்பர். மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவையாக அந்தச் சபதம் இன்றும் கொண்டாடப்படுகிறது.

கலிலேயக் கடலில் வலைவீசி வாழ்ந்த இராயப்பரோ, தம் குருவாகிய கிறிஸ்துவுக்காக உயிரையும் தருவதாகக் கூறியவர், குரு சிறைப்பட்ட இரவில், தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில், அவரை அறியேன் என்று மூன்று முறை மறுத்தார், ஆணையிட்டும் மறுத்தார். சேவல் கூவிற்று, கிறிஸ்து திரும்பி நோக்கினார், அந்த நோக்கொன்றே அவரை வெளியே சென்று கதறியழச் செய்தது. உயிர்த்தெழுந்த பின்னர்த் திபேரியாக் கடற்கரையில் கிறிஸ்து அவரிடம் அன்புண்டா என்று மூன்று முறை வினவி, மூன்று முறையும் தம் மந்தையை அவரிடமே ஒப்புவித்தார்.

நிகழ்ச்சிகள் ஒத்திருப்பினும், அவற்றின் பின்னே நிற்கும் தத்துவங்கள் வேறு. சித்தாந்தத்தின்படி ஆன்மா படைக்கப்பட்டதன்று. செம்பிற் களிம்புபோல ஆணவமலம் அதனை அனாதியே பற்றியிருக்கிறது. அம்மலம் பரிபாகம் எய்தும்பொருட்டே இறைவன் பிறவிகளைக் கூட்டுகிறான். சுந்தரர் கயிலையில் ஆலாலசுந்தரராய் இருந்தபோது இரு மங்கையர்பால் சென்ற உள்ளமே பரவையாரையும் சங்கிலியாரையும் மணக்கும் பிறவியாயிற்று என்று பெரியபுராணத்தில் சேக்கிழார் அமைத்திருப்பது இதனாலேயாகும். இராயப்பருக்கோ முற்பிறவி இல்லை. கிறிஸ்தவக் கொள்கையில் ஆன்மா ஈசனது சித்தத்தால் இன்மையிலிருந்து சிருஷ்டிக்கப்பட்டது. அவனது சாயலை உடையது. ஆதி மனிதனின் வீழ்ச்சியால் ஊறுபட்டது. அதற்கு வாய்த்த வாழ்வும் ஒன்றே. ஆகவே மனந்திரும்புதலும் மன்னிப்பும் இந்த ஒரே ஆயுளுக்குள் நிகழ்ந்தாக வேண்டும்.

இறைவனது வருகையிலும் வேற்றுமை உண்டு. சிவபெருமான் கருவிற் புகுந்து பிறவான். பக்குவப்பட்ட ஆன்மாவுக்குக் குருவடிவில் எழுந்தருள்வான். கிறிஸ்தவரோ, தேவகுமாரன் ஒரே முறை மாமிசமானார் என்பர். தொழிற்சங்கத் தலைவராகவும் சென்னை மேயராகவும் விளங்கிய கிறிஸ்தவர் சக்கரைச் செட்டியார் (1880–1958), கிறிஸ்துவை அவதாரம் என்றே அழைத்து, அந்த அவதாரம் வந்து மறைந்து போவதன்று, என்றும் நிலைபெறுவது என்று வாதித்தார்.

எனவே, எல்லாச் சமயமும் ஒன்றே என்று கூறி இவ்வேற்றுமைகளை மூடிவிடுவது இரண்டுக்கும் அநீதியாகும். எனினும், வாக்குப் பிறழ்ந்தவனைக் கைவிடாத கருணையே தெய்வம் என்பதில் இரண்டும் உறுதியாக நிற்கின்றன. என் உள்ளம் பற்றிக்கொள்வதும் அதனையே. தம் கிறிஸ்தவ சமயத்தில் இம்மியும் தளராத ஜி. யு. போப் 1900இல், தமது எண்பதாம் வயதில், திருவாசகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அவரைப் போலவே, சைவ அன்பர் இராயப்பர் வரலாற்றைச் சுவிசேஷத்திலும், கிறிஸ்தவ அன்பர் சங்கிலியார் வரலாற்றை ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்திலும் ஒருமுறையேனும் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

(தொடரும்)