வாக்கும் வரைகோடும்: விசுகான்சின் கணக்கு

அமெரிக்காவின் விசுகான்சின் மாநிலச் சட்டமன்றக் கீழவைக்கு 99 தொகுதிகள். 2012இல் நடந்த தேர்தலில் குடியரசுக் கட்சி மாநிலம் முழுவதிலும் பெற்ற வாக்கு 48.6 விழுக்காடு, வென்ற இடங்களோ 60. ஈராண்டு கழித்து அக்கட்சியின் வாக்கு 52 விழுக்காடாக உயர்ந்தது. இடங்கள் 63 ஆயின. 2018இல் காற்று எதிர்ப்பக்கம் வீசியது. சனநாயகக் கட்சியின் டோனி எவர்சு ஆளுநர் பதவியைக் கைப்பற்றினார். கீழவையில் மட்டும் குடியரசுக் கட்சிக்கு மீண்டும் அதே 63. வாக்கு ஏறினாலும் இறங்கினாலும் அவை அசையாமல் நின்ற இந்தப் புதிரே கணித அறிஞர்களை அம்மாநிலத்தின்பால் ஈர்த்தது.

புதிரின் வேர் 2011இல் வரைந்த எல்லைகளில் இருந்தது. பத்தாண்டுக்கு ஒருமுறை குடிமதிப்பு எடுத்து முடிந்ததும், தொகுதிகளின் மக்கள்தொகை ஏறத்தாழ ஒத்திருக்குமாறு கோடுகளைத் திருத்தியாக வேண்டும். விசுகான்சினில் அப்பொறுப்பு சட்டமன்றத்தையே சாரும். தலைநகர் மேடிசனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் அடைத்த கதவுக்குள் வரைபடங்கள் உருவாயின. ஒக்லகோமாப் பல்கலைக்கழக அரசியல் அறிஞர் கீத் கேடி, வாக்கு விகிதம் இப்படியும் அப்படியும் சாய்ந்தால் ஒவ்வொரு வரைவும் எத்தனை இடம் தரும் என்று வளைகோடு வரைந்து காட்டினார். கோணலைக் கண்டுபிடிக்கப் பின்னாளில் பயன்பட்ட கணிதம், கோணலை ஆக்கவும் முன்னரே பயன்பட்டிருக்கிறது.

அந்தக் கோடு மண்ணில் என்ன செய்தது என்பதற்குச் செபாய்கன் நகரே சான்று. மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள அந்நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 50,000. ஒரு தொகுதிக்கு அப்போது வேண்டியது 57,000 சொச்சம். அக்கம்பக்கத்து ஊர் சிலவற்றைச் சேர்த்தால் ஒரு தொகுதி நிறைந்துவிடும். நகரம் சனநாயகக் கட்சிப் பக்கம் சாய்வது. புதிய வரைபடம் நகரை இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு துண்டையும் சுற்றியுள்ள நாட்டுப்புறத்தோடு ஒட்டவைத்தது. விளைவு, 26, 27 ஆகிய இரண்டு தொகுதிகளுமே குடியரசுக் கட்சி வசமாயின.

இத்தகைய சிதைவை அளக்க நிக்கோலசு சுடெபனோபுலோசு, எரிக் மெக்கீ இருவரும் ஓர் எளிய அளவையை முன்வைத்தனர். தோற்ற வேட்பாளருக்கு விழுந்த வாக்கு அனைத்தும் வீண். வென்றவருக்கு வெற்றிக்குத் தேவையானதற்கு மேல் விழுந்ததும் வீண். தொகுதிக்கு 100 வாக்காக ஐந்து தொகுதிகளை எண்ணிக்கொள்வோம். ஒரு கட்சி மூன்று தொகுதிகளில் 45 வாக்குப் பெற்றுத் தோற்கிறது. இரண்டில் 70 பெற்று வெல்கிறது. மொத்தம் 275 வாக்கு, இரண்டே இடம். வெற்றிக்கு 50 போதுமென்று கொண்டால் அதன் வீண்வாக்கு 175, எதிர்க்கட்சிக்கு 75. வேறுபாடான 100, மொத்த வாக்கில் 20 விழுக்காடு. விசுகான்சினில் இந்த அளவை 2012இல் 13ஐயும் 2014இல் 10ஐயும் தொட்டது.

இதை மட்டும் வைத்துக் குற்றம் சாட்டுவது முறையாகாது. சனநாயகக் கட்சியினர் மில்வாக்கியிலும் மேடிசனிலும் அடர்ந்து வாழ்கின்றனர். எவ்வளவு நேர்மையாகக் கோடு போட்டாலும் அவ்விரு நகரங்களிலும் அவர்களின் வாக்கு தேவைக்கு மேல் குவியும். அப்படியாயின் சாய்வில் நிலத்தின் பங்கு எவ்வளவு, வரைந்த கையின் பங்கு எவ்வளவு? தியூக் பல்கலைக்கழகத்தின் சோனத்தன் மேட்டிங்லி குழுவினர் கண்ட வழி, என் பார்வையில் இத்துறையின் மிக நேர்த்தியான சிந்தனை. சமமான மக்கள்தொகை, கட்டுக்கோப்பான வடிவம் போன்ற சட்டத் தேவைகளை மட்டும் தந்து, கட்சியைப் பற்றி ஒன்றும் அறியாத கணினியைக்கொண்டு பல்லாயிரம் வரைபடங்களை வரையச் செய்தனர். உண்மையில் பதிவான வாக்குகளை அவை ஒவ்வொன்றிலும் இட்டு எண்ணினர். நிலத்தின் இயல்பான சாய்வு அந்தப் பல்லாயிரத்திலும் அடங்கியே இருக்கும். அதற்கு மேல் மிஞ்சுவது வரைந்த கையின் வேலை.

கிடைத்த விடை வியப்புக்குரியது. 2011 வரைபடம் எப்போதும் ஒரே அளவில் கோணலாக இல்லை. சனநாயகக் கட்சியின் வாக்கு 50 முதல் 52 விழுக்காட்டைத் தாண்டும்போதுதான், அதாவது ஏனைய வரைபடங்களில் பெரும்பான்மை கைமாறத் தொடங்கும் அதே இடத்தில்தான், அது கூட்டத்தை விட்டு வெகுதொலைவு விலகியது. ஏரி நிரம்பும்போதுதான் கரையின் உயரம் தெரியும். குடியரசுக் கட்சிக்கு நல்ல ஆண்டில் அந்த வரைபடத்தைச் சோதித்தவருக்கு ஐயமே எழுந்திராது.

2011 வரைபடத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வழக்குத் தொடுத்தவர்கள் தம் சொந்தத் தொகுதியில் நேர்ந்த இழப்பை மெய்ப்பிக்கவில்லை என்று 2018இல் மன்றம் அதைத் திருப்பி அனுப்பியது. கட்சிச் சாய்வு நடுவண் நீதிமன்றங்கள் தீர்க்கக்கூடிய சிக்கலே அன்று என 2019இல் வேறு மாநிலங்களின் வழக்கில் கதவையே அடைத்தது. 2021க்குப் பிறகு வந்த எல்லைகளும் பழையவற்றின் சாயலிலேயே அமைந்தன.

இறுதியில் கோட்டை வீழ்த்தியது நுண்கணிதம் அன்று, பள்ளிப் பிள்ளையும் அறிந்த வடிவியல். தொகுதி ஒட்டிய நிலப்பரப்பாக இருக்க வேண்டும் என்கிறது மாநில அரசமைப்பு. நகரங்கள் அண்டை நிலங்களை அவ்வப்போது இணைத்துக்கொண்டதால் சிற்றூர்கள் தீவுத் துணுக்குகளாகச் சிதறிக் கிடந்தன. தொகுதிகளும் அவ்வாறே சிதறின. கீழவைத் தொகுதிகளில் பாதிக்கு மேற்பட்டவை இப்படி உடைந்திருந்ததைச் சுட்டிக்காட்டி, 2023 திசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அவ்வெல்லைகளைத் தள்ளியது. மன்றமே புதிதாக வரைந்துவிடக்கூடும் என்ற நிலையில், எவர்சு முன்வைத்த வரைபடத்தைக் குடியரசுக் கட்சிச் சட்டமன்றமே நிறைவேற்றியது. 2024 பிப்ரவரி 19 அன்று அவர் கையொப்பமிட்டார்.

அவ்வாண்டு நவம்பரில் குடியரசுத் தலைவர் தேர்தலில் குடியரசுக் கட்சியும், நாடாளுமன்ற மேலவைத் தேர்தலில் சனநாயகக் கட்சியும் அம்மாநிலத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைந்த வேறுபாட்டில் வென்றன. மாநிலக் கீழவையில் குடியரசுக் கட்சிக்குச் சாதகமாக 64க்கு 35 என்றிருந்தது 54க்கு 45 ஆயிற்று. மீண்டும் ஒன்றிணைந்த செபாய்கனின் 26ஆம் தொகுதி சனநாயகக் கட்சிக்குக் கிட்டியது. எஞ்சியுள்ள சாய்வில் மில்வாக்கி, மேடிசன் நகரங்களின் அடர்த்திக்கும் ஏற்கெனவே பதவியில் இருந்தோரின் செல்வாக்குக்கும் பங்குண்டு எனக் கருதுகிறேன். மாநில மேலவை 22க்கு 11 என்பதிலிருந்து 18க்கு 15 ஆனது. அதுவும் பாதிச் சோதனையே. அவ்வவையில் ஒற்றைப்படை எண்ணுள்ள 17 தொகுதிகளுக்குப் புதிய எல்லைகளில் முதல் பொதுத்தேர்தல் 2026 நவம்பருக்குரியது.