உஷார்! டெல்லி டூருக்குக் கிளம்புகிறதா உங்கள் வீட்டுப் பிள்ளை?

கையெழுத்துப் போடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்!

பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் வந்திருக்கும். 'அரையாண்டு விடுமுறையில் டெல்லி, ஆக்ரா கல்விச் சுற்றுலா. விருப்பமுள்ளவர்கள் முன்பணம் கட்டவும்.' கீழே பெற்றோர் கையொப்பத்துக்கு ஒரு கோடு. செங்கோட்டை, இந்தியா கேட், நாடாளுமன்றம், தாஜ்மகால் என்று பாடப்புத்தகத்தில் பார்த்ததையெல்லாம் நேரில் பார்க்கப்போகிற சந்தோஷத்தில் பிள்ளை குதித்துக்கொண்டிருக்கும். "எல்லாரும் போறாங்கம்மா!" நீங்களும் பேனாவைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அந்தத் தாளை இன்னொரு தடவை படியுங்கள். பணம் எவ்வளவு என்று இருக்கும். எந்த ரயில் என்று இருக்காது. எங்கே தங்குகிறார்கள் என்று இருக்காது. வழியில் பிள்ளை பிரிந்துபோனால் யாரைக் கூப்பிடுவது என்று நிச்சயமாக இருக்காது.

சென்னையிலிருந்து டெல்லி ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினாலே இரண்டு இரவு, ஒரு முழுப் பகல். ஏதாவது ஒன்று என்றால் உடனே பஸ் பிடித்து ஓடுகிற தூரம் இல்லை இது!

ஒரு பையனுக்கு நடந்ததைக் கேளுங்கள்

தென் மாவட்டத்து ஊர் ஒன்றிலிருந்து போன ஒன்பதாம் வகுப்பு மாணவன். பெயர் வேண்டாம். நாற்பது பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள், ஒரு டிராவல்ஸ் ஆள். செங்கோட்டையைப் பார்த்துவிட்டு கரோல் பாக்கில் இருந்த லாட்ஜுக்கு மெட்ரோவில் திரும்பியிருக்கிறார்கள். ராஜீவ் சௌக்கில் இறங்கி வேறு ரயில் மாற வேண்டும். மாலை நேரம், ஆபீஸ் விட்ட கூட்டம். அந்த ஸ்டேஷனில் அப்போது கால் வைக்க இடம் இருக்காது.

கதவு திறந்தது. கூட்டம் தள்ளியது. பையன் உள்ளே, மற்ற அத்தனை பேரும் பிளாட்பாரத்தில். கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சார் கையை ஆட்டுகிறார். இறங்கு என்கிறாரா, போ என்கிறாரா? புரியவில்லை. வண்டி கிளம்பிவிட்டது.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அங்கேயே நின்றிருந்தால், பின்னால் வந்த வண்டியில் சார் வந்து கூட்டிப்போயிருப்பார். அதை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கரோல் பாக்கில் இறங்க வேண்டும் என்பதுகூடத் தெரியாது. முன்னால் போகிறவன் முதுகைப் பார்த்துப் போய்ப் பழகிய பிள்ளை. பயத்தில் அப்படியே உட்கார்ந்து, கடைசி ஸ்டேஷனான துவாரகா செக்டார் 21 வரை போய்விட்டான்.

அங்கே காவலுக்கு நின்ற பாதுகாப்புப் படை வீரர் விசாரித்தார். "ஹோட்டல் கா நாம்?" ஹோட்டல் என்பது மட்டும் பையனுக்குப் புரிந்தது. பெயர் தெரியாது! கரோல் பாக்கில் சந்துக்குச் சந்து லாட்ஜ். பாதிக்கு மேல் பேலஸ், கிராண்ட், இன்டர்நேஷனல். எதைச் சொல்வான்? செல்போன், 'தொலைச்சிடுவே' என்று சார் வாங்கி வைத்துக்கொண்ட பையில். சார் நம்பர் அந்த செல்போனுக்குள். மனப்பாடமாகத் தெரிந்தது அம்மா நம்பர் ஒன்றுதான்.

அம்மாவுக்கு போன் போனது. தெரியாத நம்பர். எடுத்தால் ஹிந்தி. மோசடிக்காரன் என்று அம்மா கட் பண்ணினார். மறுபடி வந்தது. மறுபடியும் கட். மூன்றாவது தடவை அந்த நம்பரையே பிளாக் பண்ணிவிட்டார்!

மெட்ரோ அலுவலகத்தில் சார்கள் சொல்லி, ஸ்டேஷன் ஸ்டேஷனாகத் தகவல் போய், இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் பிள்ளை கைக்கு வந்தான். அதுவரை மீதிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இருந்தது ஒரே ஒரு டீச்சர்.

கெட்டிக்காரப் பையன்தான். வகுப்பில் இரண்டாவது ரேங்க். ஆனால் தனியாக நிற்க நேர்ந்தால் என்ன செய்வது என்று வீட்டிலும் சொல்லவில்லை, பள்ளியிலும் சொல்லவில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது!

இந்தப் பேச்சுகள் காதில் விழுந்தால் உஷார்!

1. "வெள்ளிக்கிழமை தாஜ்மகால்." தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை! செங்கோட்டை, தாமரைக் கோயில், அக்ஷர்தாம் மூன்றுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. நாடாளுமன்றத்துக்குள் போக முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். பயணத் திட்டத்தில் கிழமையைச் சரிபாருங்கள். இதிலேயே தப்பு இருந்தால், திட்டம் போட்டவருக்கு டெல்லி தெரியாது. பள்ளிக்கூடமும் அதைப் படித்துப் பார்க்கவில்லை.

2. "டிக்கெட் எப்படியும் கன்பர்ம் ஆயிடும்." ஆகாவிட்டால்? வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டோடு ரிசர்வேஷன் பெட்டியில் ஏறவே கூடாது. ஏறினால் ஒரு பெர்த்தில் மூன்று பிள்ளைகள், இரண்டு ராத்திரி. தூக்கம் வராத பிள்ளைகள் எங்கே போய் நிற்கும்? ஓடுகிற ரயிலின் வாசற்படியில்! பி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

3. "சமையல்காரர் கூடவே வர்றார், நம்ம ஊர் சாப்பாடு." கேட்க இனிப்பாக இருக்கும். சமைப்பது எங்கே என்று கேளுங்கள். 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டி தீப்பிடித்து 9 பேர் இறந்தது நினைவிருக்கிறதா? லக்னோவிலிருந்து வந்தவர்கள். விதியை மீறிப் பெட்டிக்குள் கொண்டுவந்த காஸ் சிலிண்டர்தான் காரணம். ரயிலுக்குள் அடுப்பு என்றால் பிள்ளையை ஏற்றாதீர்கள்.

4. "லாட்ஜ் அங்க போய்ப் பார்த்துக்கலாம்." 2019 பிப்ரவரியில் கரோல் பாக் ஓட்டல் ஒன்றில் விடிகாலையில் தீ. 17 பேர் இறந்தார்கள். நடைபாதைச் சுவரில் பதித்திருந்த மரப்பலகை பற்றி எரிந்ததில் வெளியே வர வழியில்லை. தங்குமிடத்தின் பெயரை இப்போதே கேளுங்கள். இரண்டாவது படிக்கட்டு உண்டா, அது பூட்டாமல் இருக்குமா என்று கேளுங்கள். பாத்ரூமுக்குள் காஸ் கீசர் இருந்தால் வேண்டவே வேண்டாம். குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தி ஒவ்வொரு குளிர்காலத்திலும் வடக்கே வருகிறது. இரண்டிலிருந்தும் வருகிற கார்பன் மோனாக்சைடு விஷவாயுவுக்கு வாசனை கிடையாது!

5. "ஒரே நாள்ல ஆக்ரா போயிட்டு வந்துடலாம்." டிசம்பர், ஜனவரியில் அங்கே விடிகாலைப் பனிமூட்டத்தில் பத்தடி முன்னால் போகிற லாரி தெரியாது. யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் குளிர்காலத்துக்கென்று வேக வரம்பையே குறைத்துவிடுகிறார்கள். நாலு மணிக்கு எழுந்த டிரைவரே நள்ளிரவில் திருப்பிக் கூட்டிவருவார் என்றால் உஷார். வெளிச்சம் வந்தபின் கிளம்பி, ஆக்ராவில் ஒரு ராத்திரி தங்கட்டும்.

6. "அப்படியே மணாலியையும் பார்த்துடலாம்." தாளில் இல்லாத ஊர் எதற்கும் சம்மதிக்காதீர்கள். 2014 ஜூனில் ஐதராபாத்திலிருந்து மணாலிப் பக்கம் போன கல்லூரி மாணவர்கள் வழியில் பியாஸ் ஆற்றில் இறங்கிப் படம் எடுத்தார்கள். மேலே அணையில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். 24 மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டார்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கே அந்தக் கதி.

7. "கடைசி நாள் ஷாப்பிங், முடிச்சிட்டு நேரா ஸ்டேஷன்." புதுடெல்லி ஸ்டேஷனில் 16 பிளாட்பாரம். பகாட்கஞ்ச் பக்கம் ஒரு வாசல், அஜ்மீரி கேட் பக்கம் ஒரு வாசல். 2025 பிப்ரவரியில் கும்பமேளாக் கூட்டம் அங்கே நெரிசலில் சிக்கி 18 பேர் இறந்தார்கள். பையும் பெட்டியுமாக நாற்பது பிள்ளைகளைக் கடைசி நேரத்தில் அந்த ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஓடவிடலாமா?

8. "ஒரு ஸ்வெட்டர் போதும்மா." போதாது! டெல்லியில் 5 டிகிரிக்கும் கீழே இறங்குகிற இரவுகள் உண்டு. நம் பிள்ளைகளுக்கு அது பழக்கமே இல்லை. காற்றும் அந்த மாதங்களில் புகைமண்டலம். ஆஸ்துமா, வீசிங் உள்ள பிள்ளை என்றால் டாக்டரைக் கேட்காமல் அனுப்பாதீர்கள். இன்ஹேலர் லக்கேஜில் இருக்கக் கூடாது, பிள்ளையின் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளின் அம்மாக்களுக்குத் தனியாக ஒன்று. கூடவே பெண் ஆசிரியர் வருகிறாரா? டெல்லி மெட்ரோவில் முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும். பிள்ளைகள் அதில் ஏறினால் ஆண் ஆசிரியர் கூட ஏற முடியாது. ராத்திரி அறைக் கதவை யார் தட்டினாலும், ரூம் பாய் என்றாலும், டீச்சர் குரல் கேட்காமல் திறக்கக் கூடாது. இதை ஒரு தடவை சொன்னால் போதாது. பத்துத் தடவை சொல்லுங்கள்.

இன்றைக்கே இதைச் செய்யுங்கள்

ஒரு சின்ன அட்டை. அதில் பிள்ளையின் பெயர், லாட்ஜ் பெயர், முகவரி, பக்கத்து மெட்ரோ ஸ்டேஷன், இரண்டு ஆசிரியர்களின் செல் நம்பர், உங்கள் நம்பர். ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் எழுதி லேமினேட் செய்யுங்கள். பையில் வேண்டாம், பை தொலையும். சட்டைக்குள் கழுத்தில் தொங்கட்டும்.

ரயிலில் தனியாக மாட்டினால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அங்கேயே நில். பிளாட்பாரத்தில் தனியாக மாட்டினால் நின்ற இடத்திலேயே நில். உன் ஆசிரியரையும் சீருடை போட்டவரையும் தவிர யார் கூப்பிட்டாலும் போகாதே. இதைப் பிள்ளை தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும். அவசரத்துக்கு 112, குழந்தைகள் உதவிக்கு 1098, ரயிலுக்கு 139. அதையும் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்.

சாணக்கியபுரியில் தமிழ்நாடு இல்லம் இருக்கிறது, ஆர்.கே.புரத்தில் டெல்லித் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. இவற்றின் தொலைபேசி எண்கள் ஆசிரியர்களின் கையில் இருக்கின்றனவா என்று கேளுங்கள்.

அடுத்தது உங்களுக்கு. அந்த நாட்களில் தெரியாத நம்பர் வந்தாலும் எடுங்கள். ஆனால் 'உங்க பையன் போலீஸ்ல மாட்டியிருக்கான், பணம் அனுப்புங்க' என்றால் ஒரு பைசாகூட அனுப்பாதீர்கள். போனை வைத்துவிட்டு உடனே ஆசிரியரைக் கூப்பிடுங்கள். உங்கள் வீட்டுக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியச் சொல்லைப் பிள்ளையோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். ரயில் டிக்கெட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடவே போடாதீர்கள்!

பிள்ளையைத் தடுக்கச் சொல்லவில்லை. அந்த வயதில் பார்த்த டெல்லி ஆயுசுக்கும் மறக்காது. ஆனால் நீங்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் "அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்மா" என்ற ஒரே பதில் வந்தால், தயங்காமல் முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். டெல்லி எங்கேயும் ஓடிவிடாது. அடுத்த வருஷம் போய்க்கொள்ளலாம்.