வெளுத்ததெல்லாம் வெள்ளியா?

மேற்குத் தாம்பரத்தில் என் அண்டை வீட்டில் வசிப்பவர் பணி ஓய்வு பெற்ற அரசு ஊழியர். மகளின் திருமணத்தை முன்னிட்டு, தெரிந்தவர் ஒருவர் மூலம் 100 கிராம் எடையுள்ள ஐந்து வெள்ளிக் கட்டிகளை வாங்கினார். சந்தை விலையைவிடக் கிலோவுக்கு 20,000 ரூபாய் குறைவு என்பதே அவரை ஈர்த்தது. விற்றவர், இயந்திரத்தில் சோதித்த சீட்டையும் காட்டியிருந்தார். ரசீது மட்டும் தரவில்லை. பின்னர் பாத்திரக் கடையில் கொடுத்து மாற்றச் சென்றபோது, கட்டியை வெட்டிப் பார்த்த கடைக்காரர் உள்ளே இருப்பது 'ஜெர்மன் சில்வர்' என்றார். பெயரில்தான் வெள்ளி, அது தாமிரம், நிக்கல், துத்தநாகம் ஆகியவற்றின் கலவை.

இத்தகைய மோசடிக்கு விலையேற்றமே உரம். 2025 அக்டோபரில் சென்னையில் ஒரு கிலோ வெள்ளியின் விலை இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டியது. தங்கம் எட்டாக்கனியானதும் நடுத்தரக் குடும்பங்கள் வெள்ளியை நாடுகின்றன. கள்ளச்சரக்கும் அதைத் தொடர்கிறது.

மோசடி புதிதன்று. ஈயத்தின் மீது தங்கத் தகட்டைப் போர்த்தி ஏமாற்றும் பொற்கொல்லர்களைப் பற்றிக் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமே எச்சரிக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியவை எனச் சொல்லப்படும் சோதனைகளில் பெரும்பாலானவை அரைகுறையானவை. காந்தம் ஒட்டவில்லை என்றால் அது இரும்பு இல்லை என்பது மட்டுமே உறுதி; தாமிரமும் ஈயமும் கூடத்தான் காந்தத்தில் ஒட்டுவதில்லை. பனிக்கட்டி வேகமாக உருகுவதும் சான்றாகாது. வெப்பத்தைக் கடத்துவதில் தாமிரம் வெள்ளிக்கு மிக அருகில் நிற்கிறது. உரைகல்லும் அமிலத் துளியும் மேற்பூச்சையே சோதிக்கின்றன. கடைகளில் உள்ள எக்ஸ்-கதிர் இயந்திரமும் மேற்பரப்பின் மெல்லிய அடுக்கை மட்டுமே காண்கிறது. பூச்சு தடிமனாக இருந்தால் இயந்திரம் சொல்வது உண்மைதான். ஆனால் அது பூச்சைப் பற்றிய உண்மை. என் அண்டை வீட்டாரிடம் காட்டப்பட்ட சீட்டின் மதிப்பு அவ்வளவே.

இவற்றைவிட நம்பகமானது ஆர்க்கிமிடீஸ் காட்டிய வழி. வெள்ளியின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 10.49 கிராம். பத்தில் ஒரு கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசில் நீர் நிறைந்த பாத்திரத்தை வைத்து, அளவைப் பூஜ்யமாக்குங்கள். கட்டியை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுவதும் நீரில் மூழ்கும்படி பிடியுங்கள். 100 கிராம் வெள்ளி என்றால் தராசு ஏறக்குறைய 9.5 காட்டும். ஜெர்மன் சில்வர் 11.5 அளவிலும், தாமிரம் 11.2 அளவிலும், ஈயம் 8.8 அளவிலும் காட்டும். அண்டை வீட்டாரின் எஞ்சிய கட்டிகளை நான் இவ்வாறு சோதித்தபோது ஒவ்வொன்றும் 11.4-ஐ ஒட்டியே காட்டியது.

இதற்கும் வரம்பு உண்டு. கனமான ஈயத்தையும் இலேசான தாமிரத்தையும் அளந்து சேர்த்தால் வெள்ளியின் அடர்த்தியை எட்டிவிடலாம். எனவே அறிமுகமில்லாதவரிடம் வாங்கும் கட்டியை வெட்டியோ துளையிட்டோ பார்ப்பதே இறுதி வழி. நகையைப் போலக் கட்டிக்குச் செய்கூலி இழப்பு இல்லை. வெட்டிய வெள்ளியும் எடைக்கு எடை வெள்ளிதான். வெட்ட மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

பொருளியல் ஆசிரியனாக நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. நாள்தோறும் விலை அறிவிக்கப்படும் பண்டம் வெள்ளி. உண்மையான கட்டியை வைத்திருப்பவர் எந்தக் கடைத்தெருவிலும் அன்றைய விலையையொட்டி விற்றுவிட முடியும். அப்படியிருக்க, முன்பின் அறியாத நமக்கு அவர் ஏன் கிலோவுக்கு 20,000 ரூபாயை விட்டுக்கொடுக்க வேண்டும்? இங்கே தள்ளுபடி என்பது சலுகையன்று. அதுவே முதல் எச்சரிக்கை. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது தரமற்ற சரக்கு நல்ல சரக்கைச் சந்தையிலிருந்து விரட்டிவிடும் என்று 1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் விளக்கினார். 2001-இல் நோபல் பரிசும் பெற்றார். போலிக் கட்டியால் வாங்குபவர் மட்டுமல்ல, நேர்மையான வணிகரும் நட்டமடைகிறார்.

ரசீதும் அப்படித்தான். வெள்ளிக்குச் சரக்கு-சேவை வரி 3 விழுக்காடு. ஒரு லட்சம் ரூபாய்க் கட்டிக்கு 3,000 ரூபாய். அதை மிச்சப்படுத்துவதாக எண்ணி ரசீதைத் துறப்பவர், முறையிடுவதற்கான ஆதாரத்தையே துறக்கிறார். எடை, தூய்மை, உருக்காலையின் பெயர், கட்டியின் வரிசை எண் ஆகியவை ரசீதில் இருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வலுவாக வழக்காடலாம். என் அண்டை வீட்டாரின் கையில் அப்படி எதுவும் இல்லை.

சேமிப்பே நோக்கம் என்றால் கட்டிதான் வேண்டுமா என்றும் யோசிக்கலாம். ரிசர்வ் வங்கியின் 2025-ஆம் ஆண்டு நெறிமுறைகள் வெள்ளி நகைகள், நாணயங்கள் ஆகியவற்றின் பேரில் கடன் வழங்க இடமளிக்கின்றன, கட்டிகளுக்கு இடமில்லை. பங்குச்சந்தையில் வாங்கக்கூடிய வெள்ளி இடிஎஃப் 2022 முதல் கிடைக்கிறது. அதில் போலிக் கட்டி என்ற அச்சம் நமக்கில்லை.

அரசுக்கும் ஒரு கடமை உண்டு. தங்க நகைகளுக்கான ஹால்மார்க் 2021 ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. வெள்ளிப் பொருட்களுக்கு 2025 செப்டம்பர் 1 முதல் தனித்துவ அடையாள எண் வந்தபோதிலும் அது விருப்பத்தின் பேரிலானதே. அந்த எண் உள்ள பொருளை 'பிஐஎஸ் கேர்' செயலியில் எவரும் சரிபார்க்கலாம். எளிய குடும்பங்களின் சேமிப்பு வெள்ளிக்கு நகர்ந்துவிட்ட நிலையில், இந்தப் பாதுகாப்பு கட்டாயமாக்கப்பட வேண்டும். சில்லறையில் விற்கப்படும் கட்டிகளையும் அது உள்ளடக்க வேண்டும். அதுவரை, மலிவாகக் கிடைக்கும் வெள்ளியை ஐயத்தோடு அணுகுவதே நமக்குள்ள காப்பு.